நான் சுவிட்சைத் தொடாத மத்தியானம்

இல்லை, தொடவில்லை. எத்தனை தரம் கேட்டாலும் இதுதான் பதில். ஒரு கை ஓட்டையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. இன்னொரு கை சுவரில் ஊன்றியிருந்தது. கரண்டும் இல்லை. கரண்ட் இல்லாத வீட்டில் சுவிட்சைத் தொட்டால் என்ன, தொடாவிட்டால் என்ன? "நீருதாம்வே படத்த ஆட்டினேரு, உம்ம புத்தி எனக்குத் தெரியாதா?" என்று நீ சொல்வது கேட்கத்தான் செய்கிறது. சொல்லிக்கொள். உயிரோடு இருந்தபோதே எதையும் ஒத்துக்கொள்ளாதவன், செத்த பிறகா ஒத்துக்கொள்ளப் போகிறாய்? உன் வீட்டுக்காரியை மாதாப்பூருக்கு, மகன் வீட்டுக்கு, அனுப்பியது நீ. நான் இல்லை.

இன்றைக்குக் காலையில் ஏர்கூலருக்குள் வைக்கிற புல் விற்கிற தள்ளுவண்டி தெருவில் வந்தது. அந்த ஆள் வாசனை காட்டுவதற்காக வெட்டிவேர்க் கட்டின் மேல் செம்புத் தண்ணீரைத் தெளித்தான். ஈர வேர் வாசனை வீட்டுக்குள் வந்தது. வாசல் வழியாக வந்தது என்றுதான் நினைக்கிறேன். திரும்பிப் பார்த்தால் நம் சுவர் ஓட்டைதான் கண்ணில் படுகிறது. அதற்கு அந்தப் பக்கம் பூட்டிய வீடு. இன்றைக்கு மத்தியானம் மேஸ்திரி வந்து அந்த ஓட்டையை அடைக்கப் போகிறார். அதனால்தான் அவசரமாக இந்தக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். எட்டாம் கிளாஸோடு நின்றவன் எழுத்து. சிரிக்காமல் படி.

அந்த ஓட்டை யார் போட்டது என்று உன் மகன் செந்தில் கேட்டான். "உங்க அப்பன் வெச்ச கன்னம்டா, பகல் திருடன்" என்றேன். அவன் சிரிக்கவில்லை. செகந்திராபாத் மெட்டுகுடாவின் வரிசை வீடுகளில் என்னுடையது கடைசி, உன்னுடையது அதற்கு முந்தியது, நடுவில் ஒரே சுவர் என்பது அவனுக்குத் தெரியும். உன் வீட்டுப் பின்ஜன்னலை மறைத்து மூன்று மாடிக் கட்டடம் எழும்பியதும் தெரியும். அந்தக் கோடையில் நீ கூலர் வாங்கிவந்து கூத்தடித்தது அவனுக்கு எங்கே ஞாபகம் இருக்கப் போகிறது?

முன்ஜன்னலில் அதைப் பொருத்திவிட்டுத் தெருவையே கூப்பிட்டாய். முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த நாள் உப்பு ஜாடியில் தண்ணீர் நின்றது. சுவர் வேர்த்தது. நீ படித்துக்கொண்டிருந்த பேப்பர் நனைந்த அப்பளம் மாதிரித் தொங்கியது.

"இன்னாபா, ஊட்டி கொண்டாந்து வெச்சிக்கிறேன்னே, ஹுசேன் சாகர் ஏரி ஆயிட்சே" என்றேன்.

நீ ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக் கூலர் முன்னால் பிடித்தாய். புகை உள்ளே போய், பின்சுவரில் முட்டி, திரும்பி உன் முகத்துக்கே வந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். அப்புறம் சொன்னாய்: "காத்து வரணும்னா போவதுக்கு வழி வேணும்வே. போவ விடாத வீட்டுக்குள்ள ஒரு காத்தும் வராது." சொல்லிவிட்டு மெதுவாகத் தலையைத் திருப்பி என் பக்கத்துச் சுவரைப் பார்த்தாய்.

"கைக்கு? எதுக்கு? என் வூடு இன்னா தர்மசத்திரமா?" என்றேன்.

"உம்ம வீடுதாம்வே வழி" என்றாய்.

உளியும் சுத்தியலும் எடுத்து ஆள் உயரத்துக்கு மேலே நீயே குடைந்தாய். ரயில்வேயில் பார்சல் சீட்டு எழுதின கை அது. ஓட்டை சதுரமாகவும் வரவில்லை, வட்டமாகவும் வரவில்லை. ஆனால் அன்றைக்குக் கூலரைப் போட்டதும் உன் அறையிலிருந்து குளிர்ந்த காற்று ஒரு ஆள் நடந்து வருவது மாதிரி என் வீட்டுக்குள் நுழைந்து, கூடத்தைக் கடந்து, சமையலறை ஜன்னல் வழியாக வெளியே போனது. உன் உப்பு காய்ந்தது. என் முதுகு குளிர்ந்தது. ஒரே கூலர், இரண்டு வீடு. போகிற காற்றை இழுத்துவிட என் சமையலறையில் பழைய எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றை மாட்டி, ஓட்டைக்குக் கீழேயே கறுப்புச் சுவிட்சு வைத்துக் கொடுத்தாய். அந்தச் சுவிட்சு இன்னும் இருக்கிறது. தட்டினால் எலும்பு முறிகிற மாதிரி 'டக்' என்று கேட்கும்.

நான் தெரு முழுக்கச் சொன்னேன், "அந்தத் திருநெல்வேலிக்காரன் வுட்ட எச்சில் காத்துலதாம்பா நான் உயிர் வாழ்றேன்" என்று. பொய்யில்லை. நீ மூச்சுவிட்ட காற்றுதான் எனக்கு வந்தது. உன் வீட்டில் மீன் பொரித்தால் நான் கல்யாணம் கட்டாத குறையை நினைத்துக்கொள்வேன். நீ இருமினால் என் வீட்டில் மிளகு தட்டுவேன். சண்டை போடக்கூட எழுந்து வர வேண்டியதில்லை. நீ அந்தப் பக்கம் ஓட்டைக்குக் கீழே நாற்காலி போட்டிருப்பாய், நான் இந்தப் பக்கம். முகம் தெரியாது. குரல் மட்டும் மேலே ஏறி இறங்கும். தோற்கப் போகிறாய் என்று தெரிந்தால் நான் பாதி பேசும்போதே "நக்கோ, நக்கோ, வேண்டாம்வே" என்று எழுந்து போய்விடுவாய். ரப்பர் செருப்புச் சத்தம் தூரமாகப் போகும். நான் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பேன்.

அதனால்தான் அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

மார்கழிக் குளிர். முற்பகல் வெயில் தெருவில்தான் இருந்தது, வீட்டுக்குள் வரவில்லை. குளிர்காலத்துக்கு மட்டும் ஓட்டையில் கோணி அடைக்கலாம் என்று நான், கூடாது என்று நீ. "மூடினா உள்ளயே அழுகும்வே, மனுசன் விட்ட மூச்சு" என்றாய். நான் பதிலுக்கு உன் குடும்பத்தையே இழுத்துப் பேசினேன். உன் தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் செகந்திராபாத்துக்கு வந்ததே உங்கள் ஊரில் யாரும் பெண் கொடுக்காததால்தான் என்றேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. வழக்கம்போல எழுந்து போய்விட்டாய் என்று நினைத்தேன். செருப்புச் சத்தம் கேட்கவில்லையே என்றுகூட நினைக்கவில்லை. விடாமல் பேசிக்கொண்டே இருந்தேன். உன் வீட்டுக்காரி காப்பி டம்ளரோடு வந்து போட்ட கூச்சல் ஓட்டை வழியாக வரும்வரை நான் பேசிக்கொண்டிருந்தது நாற்காலியில் உட்கார்ந்திருந்த உன்னிடம்தான். ஆனால் அந்த உடம்பில் நீ இல்லை.

பதினாறாம் நாள் உன் மருமகள் உன் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தாள். கூடத்துச் சுவரில் அசிங்கமாக ஒரு ஓட்டை இருக்கிறதே, அதை மறைத்த மாதிரியும் இருக்கும் என்று, சரியாக அதற்கு மேலேயே ஆணி அடித்து மாட்டிவிட்டாள். ஊரில் யார் செய்வார்கள் இதை? காற்று போகிற வழியில் செத்தவன் முகத்தைத் தொங்கவிட்டாள். அவர்கள் பார்ப்பது உன் முகம், மாலை, பொட்டு. நான் பார்ப்பது முகத்தின் பின்பக்கம். பழுப்பு அட்டை, துருப்பிடித்த இரண்டு ஆணி, சுற்றிலும் ஒரு விரல் அகல வெளிச்சம். படம் தலைப்பக்கம் கொஞ்சம் முன்னால் சாய்ந்து தொங்கும். அந்த வெளிச்சம் அப்படி வருவதுதான்.

மறுநாள் மிளகாய் கருகிவிட்டது என்று எக்ஸாஸ்ட் ஃபேனைத் தட்டினேன். காற்று இழுத்தது. படம் சுவரில் 'டொக்' என்று ஒட்டியது. வெளிச்சம் போய்விட்டது. அந்தப் பக்கம் பாத்திரம் விழும் சத்தம்.

"அத்தே! மாமா தலையாட்றாரு!"

அணைத்தேன். படம் மறுபடி முன்னால் சாய்ந்தது. வெளிச்சம் வந்தது. உன் மருமகள் வாசலுக்கு ஓடினாள். நான் துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். என்னை என்ன செய்யச் சொல்கிறாய்? நீயாக இருந்திருந்தால் மட்டும் சும்மா இருந்திருப்பாயா?

அத்தோடு விட்டிருப்பேன். சத்தியமாக விட்டிருப்பேன். ஆனால் சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு, உன் வீட்டுக்காரி சாப்பாட்டை நிறுத்தினாள். அடுப்பு வாசனை வரவில்லை என்றால் எனக்குத் தெரியாதா? என் மூக்கு உன் சமையலறையில்தானே குடியிருக்கிறது? கதவைத் தட்டி, "தங்கச்சி, துன்னியா?" என்றால், "ஆச்சு அண்ணாச்சி" என்பாள். அடுத்த நாள் மத்தியானம் படத்தின் முன்னால் அவள் நிற்கிற நிழல் வெளிச்சத்தை மறைத்தது. ரொம்ப மெதுவாகக் கேட்டாள்: "இன்னைக்கு நான் சாப்பிடணுமாங்க?"

என் கை தானாகப் போயிற்று. டக். டொக்.

அப்புறம் அரிசி களைகிற சத்தம்.

அன்றிலிருந்து நீ பேச ஆரம்பித்தாய். ரசத்துக்குப் புளி போதுமா? டொக். கோயிலுக்குப் போய்வரவா? டொக். பக்கத்துத் தெருக்காரி சீட்டுப் போடக் கூப்பிடுகிறாள், சேரவா? நான் தட்டவில்லை. அவள் சேரவில்லை. புருஷனாக இருப்பது இவ்வளவு சுலபம் என்று தெரிந்திருந்தால் நானும் ஒரு கல்யாணம் கட்டியிருப்பேன்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். சில நாள் நான் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, சுவிட்சுப் பக்கமே போகாதபோது, ஓட்டைக்குள் தொண்டையைக் கனைக்கிற சத்தம் வரும். சண்டையை ஆரம்பிக்கும் முன் நீ கனைப்பாயே, அதே மாதிரி. "இன்னா?" என்று நிமிர்ந்து பார்ப்பேன். பழுப்பு அட்டை. இரண்டு ஆணி. படத்துக்குப் பின்னால் பல்லி குடிவந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோடை வந்தும் பல்லி ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

கோடை வந்ததும்தான் விஷயம் கெட்டது. யுகாதிக்கு முந்தின வாரம் புல் மாற்றுவது உன் வேலை, தண்ணீர் ஊற்றுவது என் வேலை, மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடிப்பது இரண்டு பேர் வேலை. வெள்ளைத் தளத்தில் பட்ட வெயில் பாதி வந்த வழியே திரும்பிப் போய்விடும் என்பாய். இந்த வருஷம் என் முட்டி ஏணி ஏறவில்லை. தளம் கறுத்தே கிடந்தது. கூரை அடுப்புக்கல்லாகக் காய்ந்தது. கூலரில் போன வருஷத்துப் புல்லே அழுகிக் கிடந்தது. போட்டால் குளத்துப் பாசி நாற்றம். அந்த ஈரம் அவள் நெஞ்சில் இறங்கியது. கூலரைப் போட்டால் இழுப்பு, அணைத்தால் வெக்கை. ஒரு நாள் சமையலறையில் மயங்கி விழுந்துவிட்டாள். ஓட்டை வழியாகத் தட்டு உருளும் சத்தம் கேட்டு ஓடினேன். இந்தச் சூட்டில் இந்த அம்மாவைத் தனியாக விட்டால் அடுத்த தடவை எழுந்திருக்க மாட்டார்கள் என்று டாக்டர் என் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

செந்தில் வந்தான். "அம்மா, ப்ளீஸ். மாதாப்பூர் வந்துடு. இருபத்திநாலு மணி நேரமும் ஏசி. டபுள் கண்ணாடி ஜன்னல், கரண்டும் அதிகம் இழுக்காது. ஏர் ப்யூரிஃபையர் இருக்கு. உனக்கு இழுப்பே வராது."

"அங்க சன்னலத் தொறக்க முடியாதேடா" என்றாள்.

"தொறக்கவே தேவையில்லம்மா. அதான் விஷயமே."

அவள் ஒரு தரம் அங்கே போய்த் தங்கிவந்ததை உன் படத்திடம் சொன்னாள், ஞாபகம் இருக்கிறதா? சுவரில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறதாம். காற்று நன்றாக இருந்தால் பச்சை விளக்கு. இவள் கடுகு தாளித்ததும் சிவப்பாகிக் கத்தியதாம். மருமகள் பதறிப்போய் ஓடிவந்தாளாம். "தாளிச்சதுக்கு ஒரு வீடு கத்துமாங்க?" என்று உன்னைக் கேட்டாள். நான் சிரித்துக்கொண்டே டொக் என்று தட்டிவைத்தேன்.

செந்திலிடம் அவள் எதுவும் முடிவாகச் சொல்லவில்லை. "அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றாள். அவன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

எனக்கு என்ன வேண்டும் என்று உனக்குத் தெரியும். அவள் போனால் அந்த வீட்டுக்கு வாடகைக்கு ஆள் வரும். ஏசி வரும். ஏசி வைத்த வீட்டில் ஓட்டை இருக்கக் கூடாது. குளிர்ந்த காற்றெல்லாம் என் வீட்டுக்கு ஓடிவிடும். அடைத்துவிடுவார்கள். அப்புறம் எனக்கு மீன் வாசனை இல்லை, புளி கேட்கிற குரல் இல்லை, நீ இல்லை. அவள் கேட்கட்டும், நான் சுவிட்சைத் தொட மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன். படம் ஆடாது. ஆடாவிட்டால் போக வேண்டாம் என்று அர்த்தம். நான் ஒரு பொய்யும் சொன்னதாகாது. டாக்டர் சொன்னதை மட்டும் நினைக்காமல் இருக்கப் பார்த்தேன்.

அவள் கேட்ட அன்றைக்கு லைன் வேலை, மத்தியானம் கரண்ட் இருக்காது என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள். உச்சி வெயில். தெருவில் நாய்கூட இல்லை. வெக்கை உள்ளே வரக் கூடாது என்று வாசல் கதவை அடைத்திருந்தேன். குரங்குத் தொல்லைக்காகச் சமையலறை ஜன்னலுக்குத் தாழ்ப்பாள். ஃபேன் நின்றால் அதன் தகரச் சிறகுகள் தாமாக மூடிக்கொள்ளும், அவையும் மூடியிருந்தன. வீடு அடைத்துவைத்த தூக்குச்சட்டி மாதிரி இருந்தது. என் மூச்சே எனக்குப் புழுங்கியது.

அந்தப் பக்கம் நாற்காலி இழுக்கிற சத்தம். உன் நாற்காலி. நான் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். ஏன் ஏறினேன் என்று கேட்காதே. படம் ஆடாமல் இருப்பதை என் கண்ணாலேயே பார்க்க வேண்டும் போலிருந்தது. முகத்துக்கு நேரே பழுப்பு அட்டை. என் மூச்சுப் பட்டு ஆடிவிடக் கூடாதே என்று மூச்சை அடக்கிக்கொண்டேன்.

"என்னங்க" என்றாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் நீ மட்டும்தான். "செந்தில் கூப்பிடுதான். போவட்டுமா? போவச் சொன்னா ஆடுங்க. இல்லேன்னா சும்மா இருங்க, நான் இங்கனயே கெடக்கேன்."

ஒன்றும் நடக்கவில்லை. எனக்குள் ஒரு சந்தோஷம் எழும்பியது.

அப்போது முகத்தில் குளிர்ச்சி பட்டது. முதலில் நெற்றியில், அப்புறம் மூக்கில். வெட்டிவேர் வாசனை. அழுகின புல் இல்லை. பாசி நாற்றம் இல்லை. யுகாதிக்கு முன்னால் நீ புதிதாகக் கட்டி, முதல் வாளித் தண்ணீர் ஊற்றியதும் வருமே, அந்தப் பச்சை வாசனை. கரண்ட் இல்லை. கூலர் ஓடவில்லை. அந்த வீட்டில் இந்த வருஷம் யாரும் புல் மாற்றவில்லை. அது என் முகத்தின் மேல் மெதுவாக, ஒரே சீராக வந்துகொண்டிருந்தது, ஒருவன் பக்கத்தில் நின்று பொறுமையாக மூச்சு விடுகிற மாதிரி.

டொக்.

வெளிச்சம் சுற்றிலும் அணைந்தது. இருட்டில் அட்டையும் நானும். நான் ஃபேனை அணைத்தால் படம் உடனே சாய்ந்துவிடும். அன்றைக்குச் சாயவில்லை. ஒட்டியே நின்றது. நான் மூச்சை அடக்க முடியாமல் விட்டபிறகுதான் மெல்ல முன்னால் வந்தது.

அந்தப் பக்கம் அவள் அழவில்லை. "சரிங்க" என்றாள். அவ்வளவுதான்.

மெட்ரோ ரயில் போன அதிர்வு என்பாய். மெட்ரோ நாள் முழுக்கத்தான் போகிறது. ஒரு நாளாவது நீ அசைந்தாயா? வெளிக்காற்று கூலர் வழியாக வந்தது என்பாய். வரட்டும். வந்த காற்று எங்கே போயிற்று? நீதானே சொன்னாய், போக வழி இல்லாமல் காற்று வராது என்று? இறங்கி வீடு முழுக்கத் தடவிப் பார்த்தேன். வாசல் அடைப்பு. தாழ்ப்பாள் போட்டபடி. தகரச் சிறகு மூடினபடி. என் வீட்டில் எனக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது. அதை நீ திறந்துவைத்திருக்கிறாய். அன்றிலிருந்து நான் இருட்டு மூலைப் பக்கம் முதுகைக் காட்டி உட்காருவதில்லை.

அவள் கிளம்புகிற நாள். செந்தில் காரில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தான். உன் படத்தைப் பழைய சேலையில் சுற்றிக் கைக்குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன். கோவிச்சுக்கிடக் கூடாது."

"சொல்லும்மா."

"உங்க சுவிட்சு டக்குன்னு கேக்கும்லா. எனக்கு மொத நாளே தெரியும்."

"தெரிஞ்சிகினேவா கேட்டுகினு இருந்தே?"

"சாப்பிடுன்னு சொல்ல ஒரு ஆளு இருந்துது. யாரு சொன்னா என்ன?" சிரித்தாள். அப்புறம் சிரிப்பு போய்விட்டது. சுற்றிய சேலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "போறதா இருக்கறதான்னு கேக்கும்போது மட்டும் உங்க கை வேண்டாம்னு நெனச்சேன். அதான் கரண்டு இல்லாத நேரமாப் பாத்துக் கேட்டேன். பதில் வராதுன்னு தெரிஞ்சுதான் கேட்டேன் அண்ணாச்சி. வரலேன்னா, அவுக போவச் சொல்லலடான்னு செந்தில்கிட்ட சொல்லிட்டு இங்கனயே இருந்துரலாம்னு."

நான் அந்தச் சேலைச் சுற்றையே பார்த்தேன்.

"டக்கு சத்தமே இல்ல. டொக்குன்னுது" என்றாள். "அதுக்கு மேல நான் என்னத்தப் பேச?"

கார் கிளம்பியது. உன் திட்டத்தைப் பார்த்தாயா? நானும் அவள் இருக்க வேண்டும் என்று திருட்டு ஆட்டம் ஆடினேன். அவளும் இருக்க வேண்டும் என்று திருட்டு ஆட்டம் ஆடினாள். நடுவில் புகுந்து இரண்டு பேரையும் ஜெயித்தவன் நீ. உயிரோடு இருந்தபோது என்னை ஒரு வாதத்தில்கூட ஜெயித்ததில்லை. இதற்காகத்தான் செத்தாயா?

போன வாரம் போனில் பேசினாள். இழுப்பு இல்லையாம். நன்றாகத் தூங்குகிறாளாம். பெட்டி கத்தினாலும் விடாமல் கடுகு தாளிக்கிறாளாம், மருமகள் பழகிக்கொண்டாளாம். நான் சுற்றிவளைத்துக் கேட்டேன்: "அவன் எப்டி கீறான்? அங்க ஆட்றானா?"

"இல்ல அண்ணாச்சி. காத்தாடி சுத்துது, ஏசி ஓடுது. அவுக அசையவே இல்ல. வெறும் படமாத்தான் இருக்காக."

போனை வைத்துவிட்டு நான் ரொம்ப நேரம் ஓட்டையைப் பார்த்தேன். படம் போன பிறகு அது வாய் திறந்த மாதிரி இருக்கிறது. அந்தப் பக்கம் வாடகைக்காரருக்கென்று புது ஏசி, மூடிய ஜன்னல்கள், வெள்ளை அடித்த சுவர். கூலரைக் கழற்றி அந்த ஜன்னலையும் அடைத்துவிட்டார்கள். காற்று வர வழியே இல்லை. இருந்தும் மத்தியானமானால் அதிலிருந்து என் கழுத்துக்கு ஒரு குளிர்ச்சி இறங்குகிறது. நீ அவளோடு போகவில்லை. அவளை அனுப்பிவிட்டு இங்கேயே இருந்துவிட்டாய். தனியாக விடக் கூடாத ஆள் நான்தான் என்று நினைத்தாயோ? இல்லை, பாதியில் விட்ட சண்டையை முடிக்க வேண்டும் என்றா?

எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. சமையலறை ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை. ஒரு கை நுழைகிற அளவு எப்போதும் திறந்தே வைக்கிறேன், மழையானாலும் வெக்கையானாலும். குரங்கு வந்து வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு போகிறது. போகட்டும். வருகிறதற்கு வழி எது என்று எனக்குத் தெரியாது. போகிறதற்கு வழியாவது என் கையால் விட்டதாக இருக்கட்டும். நீ சொன்ன பேச்சில் நான் கேட்டது இந்த ஒன்றைத்தான்.

மேஸ்திரி வந்துவிட்டார். அந்தப் பக்கம் கதவு திறக்கிறது. சிமெண்ட் சட்டியைக் கீழே வைக்கிறார். எழுதினது போதும், வாயாலேயே கேட்டுவிடலாம் என்று ஓட்டைக்குக் கீழே நாற்காலியைப் போட்டிருக்கிறேன். ஊதுபத்தி ஒன்று கொளுத்தி மேசை மேல் குத்திவைத்திருக்கிறேன். உன் வித்தைதான். புகை நேராக ஏறிக்கொண்டிருந்தது. நான் தொண்டையைக் கனைத்ததும் வளைந்து என் பக்கம் வந்து நின்றது. கேட்கிறாய் என்று தெரிகிறது. வெட்டிவேர் வாசனைகூட வருகிறது. தள்ளுவண்டிக்காரன் போய் வெகுநேரம் ஆயிற்று.

"இன்னாபா" என்றேன். "இனிமே நீ அந்தாண்ட, நா இந்தாண்ட. அடைக்கிற நேரத்துல நீ எந்தப் பக்கம் நிக்கப் போறேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ. இந்தப் பக்கம் நின்னேன்னா, நா இன்னா பண்றதுன்னு..."

புகை திரும்பிவிட்டது. ஓட்டைப் பக்கம் இல்லை. என்னைத் தாண்டி, கூடத்தின் குறுக்காக, அவசரமே இல்லாமல், சமையலறை ஜன்னலைப் பார்த்துப் போகிறது. தரையில் ரப்பர் செருப்பு தேய்கிற மாதிரி ஏதோ கேட்கிறது.

யோவ், நில்லு. நான் இன்னும் முடிக்கவில்லை. நான் கேட்க வந்தது...